விடியட்டும் என்றாள் அபெபெச்

பாரிசில், லா சப்பலில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பலகாரக் கடைக்குள் போனால், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குசினிக் கதவு பாதி திறந்திருக்கும். அதற்குள் நின்று றோல்ஸ் சுற்றுகிற மனுசிதான் அற்புதராணி. மன்னார்க்காரி, ஐம்பது தாண்டியவள். கடைக்கு வருகிற சனம் றோல்ஸ் வாங்கும், தேத்தண்ணி குடிக்கும், பிறகு கதவிடுக்கால் எட்டிப் பார்த்து ஒருவரையொருவர் முழங்கையால் இடிக்கும். "இவதான். புருசன் செத்துக் கிடக்க எத்தியோப்பியாவில கோழிக்கறி திண்ட மனுசி." அட, சனத்தின் வாயே! பார்த்தது ஒரு சின்ன வீடியோ. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுசியின் முழுச் சீவியத்தையும் நிறுத்துப் பார்த்து விலை சொல்லிவிட்டார்கள்.

சனம் கதைப்பது அவளுக்குப் பெரிதில்லை. இன்றைக்கு இவளைப் பிடிக்கும், நாளைக்கு வேறொருத்தி அகப்பட்டால் இவளை விட்டுவிடும். அவளை அரித்துத் தின்பது வேறு. அவள் பெற்ற ஒரே பிள்ளை தனூஜன், தகப்பனை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் கையால் ஒரு வாய் சோறு தின்னவில்லை. ஒரு வருசம் முழுக்க, பாரிசுப் புறநகரான கார்ஜ் லே கொனெஸில், இருவருக்கும் ஒரே வீடு, ஒரே குசினி. வேலையால் வருவான், சப்பாத்தைக் கழற்றுவான், "ஜெ தேஜா மொஞ்ஜே" என்பான், அறைக் கதவைச் சாத்துவான். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். அவன் கத்தினால் இவளும் கத்தலாம், சண்டை பிடித்து அழுது தீர்க்கலாம். அவனோ வங்கியில் நிற்கிற ஆளோடு கதைப்பதுபோல மரியாதையாகச் சொல்வான். அந்த மரியாதையோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அவன் ஏன் இப்படி ஆனான் என்பதற்கு மடுத்தீனிலிருந்து தொடங்க வேண்டும்.

மடுத்தீன் அவளுடைய புருசன். பாரிசுக்கு வந்த நாள் முதல் உணவகங்களில் கோப்பை கழுவியே சீவித்த மனிதன். சத்தம் போட்டுச் சிரிப்பான், கடனுக்குச் சிரிக்கமாட்டான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிப் போய், கிழமையில் மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டி வந்தது. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கலாம். கோப்பிப் பைத்தியமான மனிதனுக்கு நாளுக்கு ஒரு சின்னக் கோப்பைதான் கிடைத்தது. வருசக்கணக்கில் அப்படியே ஓடியது. அற்புதராணி வைக்காத நேர்த்தி இல்லை. மடு மாதாவுக்கு வைத்தாள், அந்தோனியாருக்கு வைத்தாள், லூர்துக்குப் போய்த் தண்ணீர் அள்ளி வந்தாள். வருத்தம் அசையவில்லை.

அப்போதுதான் இம்மாகுலேற் அக்கா பயணத்தை அறிவித்தாள். சனிக்கிழமைகளில் லா சப்பலில் கூடுகிற செபக்குழுவை நடத்துகிறவள் அவள். எத்தியோப்பிய மலைக் கிராமம் ஒன்றில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது, உடுப்பும் மருந்தும் கொண்டுபோவோம், வீடு வீடாகப் போய்ச் செபிப்போம், ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்லுவோம், இரண்டு கிழமைதான் என்றாள். அற்புதராணிக்குப் பொறி தட்டியது. மெழுகுதிரி ஏற்றுவதும் முழங்காலில் நடப்பதும் சின்ன நேர்த்தி. ஆண்டவருடைய வேலையையே போய்ச் செய்து கொடுத்தால்? நான் உம்முடைய வீட்டைப் பார்க்கிறேன், நீர் என்னுடைய வீட்டைப் பாரும். இப்படி ஒரு பேச்சுப் பேசி முடித்தாள். அதற்குக் கடவுள் ஓம் சொன்னாரா என்று நின்று கேட்கிற பழக்கம் எங்கள் சனத்துக்கு ஏது?

தனூஜன் மறித்தான். பயம் வந்தால்தான் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வரும். "போகாதேங்கோ அம்மா. அப்பாவுக்கு ஏதும் நடந்தா நான் தனிய என்ன செய்யிறது?"

"அப்பாவுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதானேடா நான் போறன்."

"விடடா, போட்டு வரட்டும்," என்றான் மடுத்தீன் கட்டிலில் இருந்தபடி. "இஞ்சை இருந்து என்ர மூஞ்சியைப் பாத்துப் பாத்து அவளும் களைச்சுப் போனாள். அற்புதம், அங்கத்தைக் கோப்பி திறமாம். கொஞ்சம் கட்டிக்கொண்டு வா. நான் மணந்தாவது பாக்கிறன்."

அவள் போனாள்.

அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், தாங்கள் யாருக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தோம் என்ற கேள்வி குழுவுக்கு வந்தது. ஊர்ச்சனம் விடியமுன் எழும்பி வெள்ளைச் சால்வை போர்த்துக்கொண்டு தங்கள் கோவிலுக்குப் போகிறது. மணிக்கணக்கில் நின்றபடி செபிக்கிறது. கோவில் சுவரை முத்தமிட்ட பிறகுதான் அந்த வழியைக் கடக்கிறது. புதனும் வெள்ளியும் ஒருசந்தி. மச்சம் மாமிசம் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. எங்கள் ஆட்கள் பெரிய வெள்ளிக்கே மத்தியானம் கடிகாரம் பார்க்கிறவர்கள்! இம்மாகுலேற் அக்கா பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தாள். வாங்குகள் வரிசையாக இருந்தன, ஆளைக் காணோம். வீடுகளுக்குப் போனால் சனம் ஓடிவந்து கட்டிப்பிடித்தது, நிலத்தில் பச்சைப் புல் பரப்பி இருத்தியது, பச்சைக் கோப்பிக்கொட்டையைக் கண்முன்னால் வறுத்து இடித்துக் காய்ச்சிக் கொடுத்தது. ஒரு கோப்பையோடு எழும்ப முடியாது. மூன்றாவது குடித்து முடித்தால்தான் விடுவார்கள். சாட்சி சொல்ல வாயைத் திறந்தால் வாய்க்குள் சாப்பாடு வந்து சேரும்.

அற்புதராணி தங்கியிருந்தது அபெபெச் என்ற விதவையின் வீட்டில். ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு விளங்காது. இவள் தமிழில் கதைப்பாள், அவள் அம்ஹாரிக்கில் பதில் சொல்லுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். மடுத்தீனின் படத்தைக் காட்டி, இடுப்பைத் தொட்டு, முகத்தைச் சுருக்கி வருத்தக்காரன் என்று விளங்கப்படுத்தினாள். அபெபெச் அந்தப் படத்தை வாங்கி நெற்றியில் ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கே அவளைத் தன் கூடப்பிறந்தவள் என்று அற்புதராணி மனசுக்குள் எழுதிவைத்தாள்.

ஒரு புதன்கிழமை, பாரிசில் மத்தியான நேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடுத்தீனின் இருதயம் நின்றது. இழுபறி இல்லை. பக்கத்தில் தனூஜன் இருந்தான், வேறு யாரும் இல்லை.

அந்த ஊரில் குழுவிடம் அழைப்பு வந்து சேர்கிற தொலைபேசி ஒன்றே ஒன்று. அது இம்மாகுலேற் அக்காவின் கையில் இருந்தது. செய்தி கேட்டதும் அவள் அபெபெச்சிடம்தான் போனாள். பிரெஞ்சு தெரிந்த கன்னியாஸ்திரி ஒருத்தி நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். அபெபெச் சொன்னாள்: இப்போது சொல்லவேண்டாம். பொழுது படப்போகிறது. இருட்டில் சொன்னால் அவள் தனியே கிடந்து அழுவாள். எங்கள் ஊரில் சாவை அப்படிச் சொல்வதில்லை. அவள் வயிறாரச் சாப்பிடட்டும், நித்திரை கொள்ளட்டும். விடியட்டும். விடிந்ததும் ஊர் முழுக்க வந்து நிற்கும், அப்போது சொல்லுவோம்.

இம்மாகுலேற் அக்காவுக்கு அது சரியாகப் பட்டது. எங்கள் ஊரிலும் ஆள் செத்தபிறகு சொந்தங்களை 'கொஞ்சம் கடுமையாம், வரட்டாம்' என்றுதானே சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவள் வாயைப் பூட்டிக்கொண்டாள். கூட வந்தவர்களுக்கும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஒருசந்தி நாள். அப்படியிருந்தும் அபெபெச் பக்கத்து வீட்டு ஆம்பிளையைக் கூப்பிட்டுக் கோழி அறுப்பித்தாள். வெங்காயத்தைச் சட்டியில் போட்டு மணிக்கணக்கில் வதக்கி, சிவக்கச் சிவக்கக் கறி வைத்து, அவித்த முட்டை போட்டு இறக்கினாள். "இண்டைக்குப் புதன் எல்லோ அக்கா? இந்த மனுசி ஏன் கோழி காய்ச்சுது?" என்று அற்புதராணி கேட்டாள். இம்மாகுலேற் அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "உனக்காகத்தான்," என்றாள். பொய் சொல்லவில்லை, பாவி.

புளிப்பான பெரிய இன்ஜெரா அப்பத்தைத் தட்டு நிறைய விரித்து, நடுவில் கறியை ஊற்றி, எல்லாரும் சுற்றி இருந்தார்கள். அபெபெச் ஒரு வாய்கூட உண்ணவில்லை. அப்பத்தைப் பிய்த்து, நல்ல இறைச்சியாகப் பார்த்து உள்ளே வைத்துச் சுருட்டி, அற்புதராணியின் வாயருகே கொண்டுவந்தாள். அங்கே அதற்குக் குர்ஷா என்று பெயர். விருந்தாளிக்குத் தன் கையால் ஊட்டுகிற மரியாதை. எச்சில் பார்த்து வளர்ந்த மனுசி முதலில் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். அபெபெச்சின் கை அப்படியே நின்றது. சரி என்று வாயைத் திறந்தாள். கவளம் பெரிது, கன்னம் புடைத்து, மூக்கால் நீர் வடிந்து, சிரிப்புப் பீறிட்டது. அடுத்தது வந்தது. அதற்கும் அடுத்தது வந்தது. வருசக்கணக்கில் வருத்தக்காரனுக்கு உப்பில்லாமல் ஊட்டிக்கொண்டிருந்தவளுக்கு இன்னொருத்தி ஊட்டுகிறாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். குழுவில் வந்த பிரியதர்சினி, ஒன்றும் அறியாத பெட்டை, அதை வீடியோ எடுத்தாள். அன்றிரவே பள்ளிக்கூடத்தில் இணைய வசதி கிடைத்ததும் செபக்குழுவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். 'எங்கள் ராணி அக்காவுக்குக் கிடைத்த உபசரிப்பைப் பாருங்கோ!'

விடிந்தது. அற்புதராணி கண் விழித்து வெளியே பார்த்தால், முற்றம் கொள்ளாத சனம். ஆணும் பெண்ணும் வெள்ளைச் சால்வை போர்த்து, சத்தமே இல்லாமல் நிற்கிறது. வேலிக்கு அப்பாலும் சனம், பாதையிலும் சனம்.

அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. "யேசுவே! வந்திட்டினம்!" ஆளே வராத கூட்டத்துக்காக அவள் இரவு படுக்கமுன் மன்றாடியிருந்தாள். கேட்டுவிட்டார்! வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டார்! அப்படியென்றால் பேச்சின் மற்றப் பாதியும் நடக்கும். தலையை வாரினாள், நல்ல சீலையைச் சுற்றினாள், மடு மாதா படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் ஏறி நின்றாள். "அக்கா, மொழிபெயர்க்கிற சிஸ்டரைக் கூப்பிடுங்கோ, நான் சொல்லுறதை நீங்கள் அவவுக்குப் பிரெஞ்சில சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தன் சாட்சியைத் தொடங்கினாள்.

"சகோதரங்களே, என்ர புருசன் பெரிய வருத்தக்காரன். டொக்டர்மார் கைவிட்ட ஆள். ஆனா கர்த்தர் அவரை இண்டைவரைக்கும் உயிரோட வைச்சிருக்கிறார்..."

கன்னியாஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டாள். முன்வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் தலை குனிந்தார். அற்புதராணி இம்மாகுலேற் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகம் முகமாக இல்லை. "ராணி... இறங்கி வா. மடுத்தீன் அண்ணை மோசம் போயிட்டார்," என்றாள்.

அந்த வார்த்தை விழுந்ததும் அபெபெச் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓலம் வைத்தாள். அதோடு முற்றம் முழுக்க எழுந்தது. மடுத்தீனைக் கண்ணால் காணாத சனம், அவன் பெயரைக் கேட்டுக் கேட்டு, அதைத் தங்கள் ராகத்தில் போட்டு அழுதது. பெண்கள் அவளை விழவிடாமல் தாங்கிக்கொண்டார்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று கன்னியாஸ்திரியைக் கொண்டு கேட்டார்கள். கோப்பை கழுவினவர் என்றாள். அதையும் சொல்லி அழுதார்கள். அவருக்கு என்ன பிடிக்கும்? கோப்பி என்றாள். அதற்கு எழுந்த அழுகை மலையடிவாரம்வரை கேட்டிருக்கும். அற்புதராணி அந்த மண்ணில் புரண்டாள். தொண்டை கிழியுமட்டும் கத்தினாள். பெற்ற தாய்க்கும் அவள் அப்படி அழுததில்லை. பொழுது சாயும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பாரிசுக்கு வந்தபோது அவளிடம் அழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சவச்சாலையில் குறித்துக் கொடுத்த நேரத்துக்குள் எல்லாம் முடியவேண்டும், அடுத்த குடும்பம் வெளியே நிற்கிறது. சனம் வந்தது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கையைப் பிடித்தது, மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கார் நிறுத்திய கதையோடு போனது. பெட்டிக்குப் பக்கத்தில் அவள் கட்டைபோல நின்றாள். "பாத்தியளே, ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை," என்று பின்னால் கேட்டது. அவள் அழுத அழுகையை இவர்களுக்கு எப்படிக் கொண்டுவந்து காட்டுவது? அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தனூஜன் தொலைபேசியை அவள் முன்னால் வைத்தான். அதில் அவள் கன்னம் புடைக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்குப் பின்னேரம் நான் திருப்பித் திருப்பி எடுத்தனான், அம்மாவைக் குடுங்கோ எண்டு. 'அம்மா படுத்திட்டா தம்பி, காலமை சொல்லுறம்' எண்டு அந்த அன்ரி சொன்னா. சித்தப்பாமார் வந்து பாத்திட்டுப் போட்டினம். நான் இஞ்சை தனிய இருந்தனான். ஃபோனைத் திறக்க, ஆரோ அனுப்பி இது வந்திது."

"எனக்குத் தெரியாதேடா அப்பன்! ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

"தெரியும் அம்மா. உங்களுக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியும். உங்களில பிழை இல்லை. பிழை இருந்தா நான் மன்னிச்சிருப்பன். இப்ப நான் என்னத்தைச் செய்யிறது?"

யாரைத் திட்டுவது? அபெபெச்சையா? தன் விரதத்தையும் பாராமல் கோழி காய்ச்சி, ஊரையே கூட்டி அழவைத்த புண்ணியவதி அவள். இம்மாகுலேற் அக்காவையா? அவள் காலில் விழாத குறையாக வந்து அழுதுவிட்டுப் போனாள். எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள். அவ்வளவு நல்லதும் சேர்ந்து ஒரு பிள்ளையை அந்த இரவு அநாதையாக இருத்திவிட்டது. மிச்சம் கடவுள் ஒருவர்தான். அவரோடும் அவள் சண்டை பிடிக்கவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள், எல்லாரோடும் எழும்புவாள், இருப்பாள். உதடு அசையாது. மடுத்தீனுக்கு என்று வாங்கிவந்த கோப்பிப் பொட்டலம் குசினி அலமாரியில் உடைக்காமலே கிடந்தது.

மடுத்தீனின் ஆண்டுப் பூசை முடிந்த பின்னேரம் தனூஜன் சொன்னான், தெற்கே துலூசில் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிறு காலை போகிறேன் என்று. பிரெஞ்சில்தான் சொன்னான்.

ஞாயிறு காலை அவள் புட்டு அவித்தாள், மீன் குழம்பு வைத்தாள். அவன் பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது, புட்டைக் குழம்போடு குழைத்து, முள்ளெடுத்த மீனை உள்ளே வைத்துக் கவளமாக்கி, எழுந்துபோய் அவன் வாயருகே பிடித்தாள். அபெபெச் பிடித்ததுபோலவே கையை இறக்காமல் பிடித்தாள். எத்தனை நேரமென்றாலும் பிடித்துக்கொண்டு நிற்பது என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் "ஜெ தேஜா மொஞ்ஜே" சொல்லவில்லை. கவளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தமிழில் கேட்டான். "அம்மா, அண்டைக்கு உங்களிட்ட ஃபோனைக் குடுத்திருந்தா, நீங்கள் என்ன சொல்லியிருப்பியள்?"

அவள் யோசித்தாள். ஆறுதல் சொல்லியிருப்பாளா, செபம் சொல்லியிருப்பாளா? மனசறிந்து பொய் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தரமும் தொலைபேசி எடுத்தால் அவள் வாயில் முதல் வருவது ஒன்றுதான்.

"சாப்பிட்டியே எண்டு கேட்டிருப்பன்."

தனூஜனின் முகம் கோணியது. "ஓம். அதை ஆரும் கேக்கேல்லை," என்றான். "நான் அண்டைக்குச் சாப்பிடேல்லை, அம்மா."

அவன் வாய் கொஞ்சம் திறந்ததுபோல இருந்தது. அவள் கை ஒரு விரற்கடை முன்னுக்குப் போனது. அவன் கண்ணை மூடித் தலையைத் திருப்பிக்கொண்டான். "ஏலாது அம்மா. அந்த வீடியோதான் தெரியுது," என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினான். லிஃப்ட் கதவு மூடுகிறவரைக்கும் அவள் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு உள்ளே வந்து, அந்தக் கவளத்தைத் தன் வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். விழுங்க முடியவில்லை.

இப்போது தினமும் வேலை முடிந்து ரயிலேற முன்னால், லா சப்பல் தெருவோரத்தில் நின்று அவள் தொலைபேசி எடுக்கிறாள். அவன் எடுப்பதில்லை. பிரெஞ்சுக்காரியின் பதிவுக் குரல் முடிந்து சத்தம் கேட்டதும், "அப்பன், சாப்பிட்டியே?" என்று கேட்டுவிட்டு வைக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தவறாமல் மறுமொழி எழுத்தில் வரும். 'ஜெ மொஞ்ஜே.' சாப்பிட்டேன். அது மெய்யோ பொய்யோ, அவளுக்குத் தெரிய வழியில்லை. அம்மா படுத்திட்டா என்பது பொய் என்று அவனுக்குக் காட்டிக்கொடுக்க ஒரு வீடியோ இருந்தது. அவளிடம் அதுவும் இல்லை.